ஜாக் கேஸ்மெண்ட், ஃபிரான்சஸ் கேஸ்மெண்ட் கடிதங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல்ல, இவங்க ரெண்டு பேரும் யாரு?

புருஷன் பொண்டாட்டி. அமெரிக்காவோட முதல் கண்டம் தாண்டின ரயில் பாதைக்கு தண்டவாளம் போடப் போனவரும், ஓஹியோல வீட்டுல இருந்த மனைவியும் பிரிஞ்சிருந்தப்ப எழுதிக்கிட்டதுதான் இந்தக் கடிதங்கள். அவர் ஜான் ஸ்டீபன் கேஸ்மெண்ட், எல்லாரும் ஜாக்னு கூப்பிடுவாங்க. 1829ல நியூயார்க் மாநிலத்துல ஜெனீவாங்கிற ஊர்ல பிறந்தவர், அப்பா அம்மா ஐல் ஆஃப் மேன் தீவுல இருந்து பிழைக்க வந்தவங்க. சின்ன வயசுலேயே தண்டவாளம் போடுற கூலி வேலைக்குப் போனவர், அதுல இருந்தே மேல வந்து கான்ட்ராக்டர் ஆனவர். ஃபிரான்சஸ் ஜென்னிங்ஸ் 1840ல ஓஹியோல பெயின்ஸ்வில்ங்கிற ஊர்ல பிறந்தவங்க, அப்பா சார்லஸ் ஜென்னிங்ஸ் வசதியான விவசாயி, அடிமை முறையை எதிர்த்தவர், பொண்ண நல்லா படிக்க வெச்சவர். 1857 அக்டோபர்ல கல்யாணம். அப்ப அவருக்கு 28, அவங்களுக்கு 17.

அமெரிக்காவோட முதல் கண்டம் தாண்டின ரயில் பாதையை இவர்தான் கட்டினாரா?

முழுசா இல்ல. கிழக்கே இருந்து யூனியன் பசிபிக் கம்பெனி, மேற்கே சாக்ரமெண்டோல இருந்து சென்ட்ரல் பசிபிக் கம்பெனி, ரெண்டும் எதிரெதிரா கட்டிக்கிட்டு வந்தாங்க. யூனியன் பசிபிக் பக்கம் தலைமை இன்ஜினியர் கிரென்வில் டாட்ஜ், பணத்தையும் அரசியலையும் ஆட்டி வெச்சவர் தாமஸ் டூரண்ட், ஆனா தரையில தண்டவாளத்த இறக்கி ஆணி அடிச்சு முடிக்கிற கான்ட்ராக்ட் ஜாக்கும் அவரோட தம்பி டேனும் எடுத்தது. 1866 ஆரம்பத்துல கையெழுத்து, மைலுக்கு 750 டாலர். நெப்ராஸ்கால ஒமாஹால ஆரம்பிச்சு யூட்டால ப்ரோமாண்டரி சம்மிட் வரைக்கும் யூனியன் பசிபிக் போட்டது 1,086 மைல், அதுல முதல் 40 மைல் மட்டும் 1865 முடிவுக்குள்ள போட்டது, மீதி எல்லாம் கேஸ்மெண்ட் ஆட்கள் போட்டதுதான்.

ஒரு மைல் போட அப்படி என்ன கஷ்டம்? நேர் சமவெளிதானே?

இது புரியாம கடிதங்களை படிச்சா அந்த மனுஷன் ஏன் வீட்டுக்கே வரமாட்டேங்கிறார்னு கோபம்தான் வரும், அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன்.

ஒரு மைலுக்கு 400 தண்டவாளத் துண்டு. ஒரு துண்டுக்கு 10 ஆணி, அப்ப மைலுக்கு 4,000 ஆணி, ஒவ்வொரு ஆணிக்கும் மூணு அடி. ஒரு துண்டோட எடை 500 பவுண்டுக்கு மேல. சின்ன வண்டியில தண்டவாளத்த ஏத்தி ஒரு குதிரை இழுத்துட்டு ஓடும், ரெண்டு பக்கமும் அஞ்சஞ்சு பேர் ஓடிவந்து தூக்குவாங்க, மேஸ்திரி குரல் கொடுத்ததும் இறக்குவாங்க, வண்டி அந்த புது தண்டவாளத்து மேலயே அடுத்த துண்டுக்கு முன்னால நகரும், காலியானதும் வண்டிய பக்கவாட்டுல சாய்ச்சுட்டு அடுத்த வண்டிக்கு வழிவிடுவாங்க. நிமிஷத்துக்கு நாலு துண்டுன்னு நேர்ல பாத்தவங்க எழுதியிருக்காங்க.

ஆனா கை வேகம் மட்டும் பத்தாது. நெப்ராஸ்கா சமவெளில மரமும் கிடையாது இரும்பும் கிடையாது. ஸ்லீப்பர் கட்டை, தண்டவாளம், ஆணி, சாப்பாடு, மாட்டுத் தீவனம் எல்லாம் பின்னாடி இருந்துதான் வரணும், ஒரு மைலுக்கு வேண்டிய சாமானுக்கே 40 பெட்டி ஆகும்னு டாட்ஜ் கணக்கு சொல்லியிருக்கார். தம்பி டேன் கணக்கு வழக்கையும் சாமான் வரத்தையும் பாத்துக்கிட்டார், ஜாக் பாதையோட முனையில நின்னு ஆளை ஓட்டினார். முனையில ஒரு நீளமான வேலை ரயில் நிக்கும், அதுல 85 அடி நீளத்துல படுக்கைப் பெட்டிங்க, சமையல் பெட்டி, சாப்பாட்டு பெட்டி, கொல்லுப்பட்டறை, பக்கத்துலயே இறைச்சிக்கு ஒரு மாட்டு மந்தை. சுமார் ஆயிரம் பேர், நெறைய பேர் ஐரிஷ்காரங்க, நெறைய பேர் உள்நாட்டுப் போர்ல சண்டை போட்டுட்டு வந்தவங்க. ஜாக்கே அந்தப் போர்ல ஓஹியோ படையில கர்னலா இருந்து கடைசில ஜெனரல் பட்டம் வாங்கினவர், அதனாலதான் ஆட்கள் அவரை ஜெனரல் ஜாக்னே கூப்பிட்டாங்க. உயரம் அஞ்சடி நாலு அங்குலம்தான். 1868ல ரஸ்ஸல்ங்கிற போட்டோகிராபர் எடுத்த படம் ஒண்ணு இருக்கு, ரோமத் தொப்பி போட்டு கையில சவுக்கோட வேலை ரயில் பக்கத்துல நிப்பார், ஒருதரம் பாத்தா மறக்காது.

அவசரத்துக்கும் காரணம் இருக்கு. முடிச்ச மைல் கணக்குலதான் அரசாங்கம் கம்பெனிக்கு கடன் பத்திரம் கொடுத்துச்சு, சமவெளின்னா மைலுக்கு 16,000 டாலர், மலைகளுக்கு நடுவுல இருக்கற நிலம்னா 32,000, மலைன்னா 48,000, அதோட நிலமும். எந்த கம்பெனி அதிக மைல் போடுதோ அதுக்குதான் லாபம், அதனால ரெண்டு பக்கமும் வெறி பிடிச்ச மாதிரி ஓடினாங்க. அந்த ஓட்டத்துல ஜாக் ஒரு வாரம் லீவு எடுத்துட்டு பெயின்ஸ்வில் போறதெல்லாம் குளிர்காலத்துல வேலை நின்னாத்தான்.

கடிதங்கள் எப்ப ஆரம்பிக்குது?

கல்யாணம் ஆன 1857ல இருந்தே. முதல்ல ரயில் வேலைக்காக பிரிவு, அப்புறம் 1861ல இருந்து போருக்காக பிரிவு, அப்புறம் திரும்ப ரயில். அவங்க முதல் பன்னெண்டு வருஷ குடும்ப வாழ்க்கைய எடுத்துப் பாத்தா பெரும்பகுதி தபால்லதான் நடந்துருக்கு. இத நான் மிகைப்படுத்தி சொல்லல, கடிதக் கட்டோட பருமனே அதுக்கு சாட்சி.

அந்தக் காலத்துல வயோமிங்ல இருந்து ஓஹியோக்கு கடிதம் எப்படி போகும்?

சாமான் கொண்டுவந்த ரயில் திரும்பிப் போகும்போது கடிதமும் போகும். அதாவது ஜாக் போட்ட தண்டவாளத்து மேலயே ஜாக்கோட கடிதம் வீட்டுக்குப் போச்சு. ஒமாஹா வந்ததும் ஒரு முட்டுக்கட்டை, மிசௌரி ஆத்துல 1872 வரைக்கும் பாலமே கிடையாது, படகுல தாண்டணும், குளிர்ல ஆறு உறைஞ்சா பனிக்கட்டி மேல. அக்கரையில கவுன்சில் பிளஃப்ஸுக்கு சிகாகோல இருந்து ரயில் வந்து சேர்ந்ததே 1867 ஆரம்பத்துலதான். அதுக்கப்புறம் சிகாகோ, அங்கிருந்து ஏரிக்கரை ஓரமா பெயின்ஸ்வில். தபால் கட்டணம் அரை அவுன்ஸுக்கு 3 சென்ட்.

தந்தி இருந்துச்சு, தண்டவாளத்தோட கூடவே கம்பியும் இழுத்துட்டு போனாங்க. ஆனா தந்தி வேலை விஷயத்துக்கு. மனசுல உள்ளத சொல்ல கடிதம்தான். பனிப்புயல் வந்தா அதுவும் போச்சு, 1869 பிப்ரவரி, மார்ச்ல வயோமிங்ல லாரமிக்கும் ராலின்ஸுக்கும் நடுவுல பனி மூடி வாரக்கணக்கா ரயிலே ஓடல. முனையில இருந்தவருக்கு வீட்டு சேதி வராது, வீட்டுல இருந்தவங்களுக்கு இவர் உயிரோட இருக்காரான்னே தெரியாது.

ஜாக் என்ன எழுதுவார்?

வேலை, வானிலை, பணம், ஆட்கள். இத்தன மைல் போட்டோம், சாமான் வரல, காத்து அடிக்குது, டூரண்ட் படுத்துறார், சீக்கிரம் வந்துடுவேன். பெரிய படிப்பு இல்லாதவர், அதனால நேரா பேசுற மாதிரியே இருக்கும், அலங்காரம் கிடையாது. முதல்ல படிக்கும்போது சிலருக்கு இது சப்புனு இருக்கும். ஆனா எனக்கு இதோட மதிப்பே அதுலதான் இருக்கு. டாட்ஜ் மாதிரி ஆளுங்க பல வருஷம் கழிச்சு நினைவுல இருந்து எழுதும்போது எல்லாம் வீரக்கதை ஆயிடுது (பாதையோட கூடவே முளைச்ச ஜூல்ஸ்பர்க்ங்கிற ஊர்ல சூதாடிகள் பிரச்சினைய ஜாக் துப்பாக்கியாலயே தீர்த்த கதையும் டாட்ஜ் வழியா வந்ததுதான்), ஜாக் அன்னிக்கு சாயங்காலமே மனைவிக்கு எழுதும்போது அது வெறும் களைப்பு.

என் மனசுல நிக்கிற இடம் 1869ல, வேலை முடியப்போற நேரம். ரெண்டு பாதையும் சேர்ற இடத்துல அடிக்கப்போற கடைசி ஆணிக்கு நாடே காத்துட்டு இருக்கு, இவர் என்ன எழுதுறார்னா வீட்டு ஞாபகம் தாங்கல, தோட்டத்துல வேலை செய்யணும் போல இருக்கு, இல்லன்னா ஒரு வீடு கட்டணும் போல இருக்குன்னு. ஆயிரம் மைல் போட்ட மனுஷனுக்கு அந்த நேரத்துல தோணினது அதுதான்.

ஃபிரான்சஸ் என்ன எழுதுவாங்க?

இவங்க கடிதங்களுக்குத்தான் நான் அதிக நேரம் கொடுப்பேன், நீங்களும் கொடுக்கணும்னு கேட்டுக்கிறேன். ரயில் வரலாறு எழுதுறவங்க பல பேர் இத ஊறுகாய் மாதிரி ஓரத்துல தொட்டுட்டு போயிடுறாங்க, "பாவம் மனைவி தனியா இருந்தாங்க"ன்னு ஒரு வரி, முடிஞ்சுது. அது நியாயமில்ல.

தனிமை இருக்கு, நிறையவே இருக்கு, எப்ப வருவீங்கன்னு திரும்பத் திரும்ப கேக்குறாங்க. ஆனா அதோட குடும்பத்த நடத்துறதும் இருக்கு, குழந்தைங்க உடம்பு, அப்பா அம்மா, ஊர் நிலவரம், கோயிலுக்கு போறீங்களா, குடிக்க மாட்டேன்னு சொன்னத காப்பாத்துறீங்களான்னு விசாரிப்பு. அந்த குடி விஷயம் சும்மா நச்சரிப்பு இல்ல. பாதை முனையோட கூடவே நகர்ந்த கூடார ஊர்கள்ல சாராயக் கடைதான் முக்கிய வியாபாரம், அங்க போய் அழிஞ்சவங்க கதை எல்லாம் கிழக்கே பேப்பர்ல வந்துட்டே இருந்துச்சு, வீட்டுல உக்காந்து அதப் படிக்கிற மனைவி கேக்காம இருப்பாங்களா?

குழந்தைங்க விஷயம் சொல்லும்போது கொஞ்சம் நிதானமா சொல்லணும். மூணு பையன்கள் பிறந்தாங்க. ரெண்டு பேர் சின்ன வயசுலேயே போயிட்டாங்க. மூணாவது பையன் டேன் டில்லன் மட்டும்தான் தங்கினான், 1868 ஜூலை 13ல பிறந்தான். அந்த மாசம் தண்டவாளம் வயோமிங்ல பெண்டன்ங்கிற தண்ணி இல்லாத ஒரு பொட்டல் பக்கம் போயிட்டு இருந்துச்சு, அந்த கோடை முழுக்க ஓட்டம்தான். பிள்ளையை இழந்த வீட்டுல அடுத்த பிள்ளையோட ஒவ்வொரு இருமலும் எப்படி பயமுறுத்தும்னு நினைச்சுப் பாருங்க, அத தனியா சுமந்துட்டு அங்க இருக்கறவர் கலங்கக்கூடாதுன்னு வார்த்தைய அளந்து எழுதணும். மைலுக்கு 750 டாலர்னு போட்ட கணக்குல இது எந்த வரியிலும் இல்ல, ஆனா பாதை கட்டுறதுக்கு ஆன செலவுல இதுவும் சேர்ந்ததுதான்னு நான் உறுதியா நம்புறேன்.

இது காதல் கடிதங்களா?

ஆமா. பன்னெண்டு வருஷம் ஒருத்தருக்கு ஒருத்தர் எழுதறத நிறுத்தல.

ரயில் கட்டினவங்கள்ல வேற யாராவது மனைவிக்கு எழுதின கடிதம் இருக்கா?

இருக்கு. யூனியன் பசிபிக் கட்டுமான மேற்பார்வையாளர் சாமுவேல் ரீட் இல்லினாய்ஸ்ல ஜோலியட்ல இருந்த மனைவி ஜென்னிக்கு எழுதினது அருமையா இருக்கும், 1864ல யூட்டா மலைகள்ல சர்வே பண்ணப் போனப்ப இருந்து எழுதுறார், அங்க மார்மன் மக்களோட தலைவரா இருந்த ப்ரிகாம் யங் நல்லா வரவேற்றத எழுதுறார், 1867ல ஜூல்ஸ்பர்க் ஊர் மந்திரம் போட்ட மாதிரி வளருது, பட்டப்பகல்ல பாவம் வெட்கமில்லாம நடமாடுதுன்னு எழுதுறார். ரீட் கண்ணால ஊர் தெரியும், ஜாக் கண்ணால வேலை தெரியும், ரெண்டையும் பக்கத்துல வெச்சு படிங்க.

இன்னொரு ஜோடி தியோடர் ஜூடா, அன்னா ஜூடா. சென்ட்ரல் பசிபிக்குக்கு சியரா நெவாடா மலைல வழி கண்டுபிடிச்சவர் ஜூடா. பங்குதாரர்களோட சண்டை வந்து, புதுசா பணம் திரட்ட பனாமா வழியா நியூயார்க் போனார், வழியில மஞ்சள் காய்ச்சல், 1863 நவம்பர் 2ல 37 வயசுல இறந்துட்டார். அன்னா கூடவே இருந்தாங்க. பல வருஷம் கழிச்சு அவங்க எழுதின கடிதத்துல ஒரு விஷயம் வருது: அவங்க கல்யாண நாள் மே 10, ரெண்டு பாதையும் சேர்ந்ததும் 1869 மே 10, அன்னிக்கு அவங்கள யாரும் கூப்பிடல, க்ரீன்ஃபீல்ட்ல வீட்டுக்குள்ளேயே யாரையும் பாக்காம இருந்துட்டாங்க. அன்னாவோட கதைக்கு தனியாவே ஒரு புத்தகம் வேணும்.

பழங்குடி மக்களோட நடந்த மோதல் பத்தி கடிதத்துல வருதா?

பயமாத்தான் வருது. தாக்குதல் வருமோங்கிற கவலை, வேலை ரயில்ல எப்பவும் தயாரா வெச்சிருந்த துப்பாக்கிங்க, காவலுக்கு வந்த பட்டாளம். 1867 ஆகஸ்ட்ல நெப்ராஸ்கால ப்ளம் க்ரீக் பக்கத்துல ஷையன் மக்கள் ஒரு ரயிலையே கவிழ்த்தாங்க. ஷையன், லக்கோட்டா, அரபஹோ மக்களுக்கு அது அவங்க வேட்டை நிலம், பாதை வந்தா எருமை மந்தை போயிடும், வாழ்க்கையே போயிடும், அந்த எதிர்ப்புல நியாயம் இருந்துச்சு. அதே நேரம் பானி மக்கள் ஃப்ராங்க் நார்த் தலைமையில பாதைக்கு காவல் படையாவும் இருந்தாங்க. இந்தக் கடிதங்கள்ல அந்தப் பக்கத்தோட குரல் கிடையாது. ரெண்டு அன்பான மனுஷங்க எழுதிக்கிட்டதுங்கிறதுக்காக அதுல இருக்கறது மட்டும்தான் நடந்ததுன்னு எடுத்துக்காதீங்க.

சீனத் தொழிலாளர்கள் பத்தி?

அவங்க உழைப்பு பெருசா நடந்தது சென்ட்ரல் பசிபிக் பக்கம், சியரா மலையில. ஜாக்கோட ஆட்கள் அவங்கள நேருக்கு நேர் பாத்தது யூட்டாலதான். 1869 ஏப்ரல் 28ல சென்ட்ரல் பசிபிக்காரங்க ஒரே நாள்ல 10 மைல் போட்டு கேஸ்மெண்ட் ஆட்களோட சாதனையை முறியடிச்சாங்க. அப்ப ரெண்டு பாதைக்கும் நடுவுல மிச்சம் இருந்த தூரம் ரொம்ப கம்மி, பதிலுக்கு ஓட ஜாக்குக்கு இடமே இல்ல.

இவ்வளவு வேலை செஞ்சவர் பெரிய பணக்காரர் ஆயிட்டாரா?

நல்லா சம்பாதிச்சார், இல்லன்னு சொல்லல. ஆனா கம்பெனி பணத்த நேரத்துக்கு கொடுத்ததே கிடையாது, கான்ட்ராக்டருக்கு வரலன்னா ஆட்களுக்கு கொடுக்க முடியாது, ஜாக்கோட கடிதங்கள்ல டூரண்ட் பேர் வரும்போதெல்லாம் எரிச்சல் வர்றது இதனாலதான். நிலைமை எவ்வளவு மோசம்னா, கடைசி ஆணி விழாவுக்கு போய்ட்டு இருந்த டூரண்டோட தனிப் பெட்டிய வயோமிங்ல பீட்மண்ட்ங்கிற இடத்துல வேலையாட்கள் மறிச்சு நிறுத்தி, கூலி பாக்கிய வைடான்னு பிடிச்சு வெச்சுட்டாங்க. மே 8ல நடக்க வேண்டிய விழா மே 10க்கு தள்ளிப்போக அதுவும் ஒரு காரணம்.

வேலை முடிஞ்சதும் வீட்டுலயே இருந்தாரா?

கொஞ்ச நாள். அவர் கேட்ட வீடும் கிடைச்சுது, 1870ல மாமனார் சார்லஸ் ஜென்னிங்ஸ் பெயின்ஸ்வில்ல இவங்களுக்காக பெரிய செங்கல் வீடு ஒண்ணு கட்டிக் கொடுத்தார், அது இன்னிக்கும் நிக்குது. ஓஹியோ மாநில செனட்ல ஒரு தவணை இருந்தார். ஆனா கால் நிக்கல, திரும்பத் திரும்ப ரயில் கான்ட்ராக்ட். 1897ல, கிட்டத்தட்ட 68 வயசுல, கோஸ்டாரிக்கால சான் ஹோசேல இருந்து பசிபிக் கடலுக்கு ஒரு பாதை போட ஒத்துக்கிட்டு கிளம்பிட்டார், பையன் டேன் டில்லனும் கூட. மலையும் மழையும் சேர்ந்து 1903 வரைக்கும் இழுத்துச்சு, கடல் வரைக்கும் இவரால கொண்டுபோக முடியல, மிச்சத்த பின்னாடி அந்த நாட்டு அரசாங்கம் முடிச்சுது. 1909 டிசம்பர்ல பெயின்ஸ்வில்ல இறந்தார்.

ஃபிரான்சஸ் பின்னாடி பெண்கள் வாக்குரிமைக்கு போராடினாங்கன்னு கேள்விப்பட்டேன், உண்மையா?

உண்மை, அதுவும் சாதாரணமா இல்ல. 1883ல பெயின்ஸ்வில்ல சம உரிமைச் சங்கம் ஆரம்பிச்சாங்க, 1885ல இருந்து 1888 வரைக்கும் ஓஹியோ மாநில பெண்கள் வாக்குரிமைச் சங்கத்துக்கு தலைவர். நாடு முழுக்க அந்தப் போராட்டத்த நடத்தின சூசன் பி. ஆண்டனி இவங்களுக்கு நண்பர்.

கடிதங்களுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. என் கருத்து இது. வருஷக்கணக்கா புருஷன் இல்லாத வீட்ட நடத்தி, முடிவெடுத்து, பிள்ளைகளப் புதைச்சு, அதே சமயம் ஆயிரம் மைல் தள்ளி இருக்கறவர் மனசையும் தாங்கிப் பிடிச்ச ஒரு பொம்பளைக்கு, "ஓட்டு போடுற அளவுக்கு உனக்கு விவரம் பத்தாது"ன்னு சட்டம் சொன்னா அது எப்படி ஏறும்? அவங்க அப்பா வளர்த்த விதமும் ஒரு காரணம், அந்த வீட்டுலேயே அநியாயத்த எதிர்த்துப் பேசற பழக்கம் இருந்துச்சு.

இன்னொரு திருப்பமும் இருக்கு. வயோமிங் அப்ப மாநிலம் ஆகல, ஜாக்க அந்த வயோமிங் பகுதியோட பிரதிநிதியா ஆட்கள் தேர்ந்தெடுத்து வாஷிங்டன் அனுப்பினாங்க, ஆனா அந்தப் பகுதி முறையா அமையாததால அவருக்கு இருக்கை கிடைக்கல. அதே வயோமிங்தான் 1869 டிசம்பர் 10ல அமெரிக்காலேயே முதல் முதலா பெண்களுக்கு வாக்குரிமை சட்டம் போட்டுச்சு. ஃபிரான்சஸ் 1928 வரைக்கும் இருந்தாங்க, 1920ல நாடு முழுக்க பெண்களுக்கு ஓட்டு வந்தப்ப அவங்களுக்கு 80 வயசு.

கடிதங்கள் இப்ப எங்க இருக்கு?

வயோமிங் பல்கலைக்கழகத்தோட அமெரிக்கன் ஹெரிடேஜ் சென்டர்ல, லாரமி ஊர்ல. ரெண்டு பேர் பேர்லயும் ஒரே தொகுப்பா 1857ல இருந்து 1928 வரைக்கும் உள்ள காகிதங்கள் இருக்கு. லாரமியே ஜாக்கோட தண்டவாளம் 1868ல போய்ச் சேர்ந்ததால முளைச்ச ஊர்தான்.

எப்படிப் படிக்க ஆரம்பிக்கலாம்?

ஜாக் கடிதங்கள மட்டும் வரிசையா படிச்சுட்டு அப்புறம் ஃபிரான்சஸ் கடிதங்களுக்கு போகாதீங்க, தேதி பாத்து மாத்தி மாத்தி படிங்க. பக்கத்துல ஒரு மேப் வெச்சுக்கோங்க: ஒமாஹால இருந்து எண்ணினா 1866 அக்டோபர்ல பாதை 247வது மைல், 1867 நவம்பர்ல ஷையன் ஊர், அதாவது 516வது மைல், 1868 ஏப்ரல்ல 8,200 அடிக்கு மேல ஷெர்மன் சிகரம், அத ஒட்டியே டேல் க்ரீக்ல காத்துல ஆடுற அந்த மரப்பாலம், 1869 மே மாசம் ப்ரோமாண்டரி. ஒவ்வொரு கடிதத்தோட தேதிக்கும் அந்த முனை எங்க இருந்துச்சுன்னு பென்சில்ல குறிச்சுட்டே வாங்க, அப்ப ஜாக் ஏன் அந்த வாரம் சுருக்கமா எழுதினார், ஃபிரான்சஸ் கேட்ட கேள்விக்கு ஏன் பதிலே வரலன்னு உங்களுக்கே புரிஞ்சுடும். முதல் தடவை நேரம் கம்மியா இருந்தா 1868 கோடைல இருந்து 1869 மே வரைக்கும் உள்ளத மட்டும் எடுங்க, டேன் டில்லன் பிறந்ததும் அதுல வருது, தோட்டத்து ஆசையும் அதுல வருது.